ஐந்து சிப்பாய்களும் புதன்கிழமை நாலு மணியும்

ரெண்டு வருஷம் பாடுபட்டு வாங்கின என் கேடயத்தை ஒரு பன்றிக்குட்டி ஒரே நிமிஷத்தில் காயலான் கடைக்கு அனுப்பியது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறியே நின்றுவிட்டது. நிஜமாகத்தான். தறியை விட்டு இறங்கி அந்த வீட்டம்மா ஓடிவந்து, “இன்னாமா, கரண்ட் அடிச்சிருச்சா?” என்று கேட்டார். “இல்லக்கா, பன்னி” என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். பார்டரில் ஓடுகிற யானை, முந்தானையில் உட்காருகிற மயில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, தறியில் மாட்டுகிற ஓட்டை அட்டை அடிக்கக் கொடுப்பேன். வேலை பிள்ளையார்பாளையத்து வீட்டிலேயே. அதே கம்ப்யூட்டரில் பகல் மூன்றிலிருந்து நாலு வரைக்கும் விளையாட்டு. கூட விளையாடுவது என் அக்கா. அவள் வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள், மாமாவுக்கு அரிசி மில். மில் ஆட்கள் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் ஆபீஸ் லேப்டாப் அவள் கைக்கு வந்துவிடும். எனக்கு முப்பத்தெட்டு வயசு, அவளுக்கு நாற்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

விளையாட்டு என்றால் மிட்டாய் அடுக்குகிற விளையாட்டு இல்லை. அரக்கன், டிராகன், கோட்டை, ஊர் ஊராக ஆயிரம் பேர் ஒன்றாக விளையாடுகிற ராஜ்யம். அதில் நான் டேங்க். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் எல்லாருக்குமாகச் சேர்த்து அடி வாங்குவது என் வேலை. அக்கா ஹீலர். பின்னால் நின்று, அடிபட்டவர்களுக்கு மந்திரம் போட்டு உயிரை ஏற்றுவாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் டிராகனை அடித்துக்கொண்டே நாத்தனார், முழங்கால் வலி, வத்தக்குழம்பு எல்லாம் பேசி முடித்துவிடுவோம். சும்மா போன் போட்டால் எங்களுக்குப் பேச்சே வராது. “சாப்டியா?” “சாப்டேன்.” “வெச்சிடட்டா?” அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதே பொங்கலுக்குப் பொங்கல்தான் ஞாபகம் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் எக்ஸ்பான்ஷன் வந்தது. பழைய விளையாட்டோடு கம்பெனிக்காரன் ஒட்டித் தருகிற புதுப் பகுதி. புது நாடு, புது அரக்கர்கள், அறுபதோடு நின்றிருந்த லெவல் இனிமேல் எழுபது வரைக்கும். நாங்கள் இருவரும் அறுபதை எட்டி, டிராகனை வாரா வாரம் அடித்துக்கொண்டிருந்தோம். அது எப்போதோ மனசு வந்து போட்ட, இருக்கிறதிலேயே உசத்தியான ஊதாக் கேடயத்தை நான் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். புது நாட்டில் காலை வைத்து, முதல் வயலில் முதல் பன்றிக்குட்டியை அடித்தேன். அது செத்து விழுந்த இடத்தில் சாதாரணச் சரக்கான ஒரு பச்சைக் கேடயம் கிடந்தது. என் ஊதாவைவிட ஒன்றரை மடங்கு பலம். ஏன்டா, ஒரு பன்றிக்குட்டிக்கு எதுக்குடா கேடயம்?

இந்தக் கொடுமை எனக்குப் புதிதும் இல்லை. கடைக்காரர்கள் வருவார்கள். “போன தடவை போட்ட டிசைன் நல்லா இருக்குதுமா, பார்டரை மட்டும் நாலு இன்ச் ஏத்திடு” என்பார்கள். மட்டுமாம்! பார்டரை ஏற்றினால் புடவை உடம்பில் இருக்கிற புட்டாப் பூவெல்லாம் கொசுவாகிவிடும். புட்டாவைப் பெரிதாக்கினால் முந்தானை சோப்ளாங்கியாகத் தெரியும். கடைசியில் மொத்தத்தையும் முதலிலிருந்து போடணும். கம்பெனிக்காரனுக்கும் அதே தலைவலிதான். பத்து லெவலை ஒட்டினால் பழைய டிராகன் பல்லியாகிவிடும். பழம் தின்று கொட்டை போட்ட எங்களுக்காகக் கஷ்டமாக வைத்தால் புதிதாக வருகிறவன் வாசலோடு ஓடிவிடுவான், அவனுக்காக இளக்கினால் நாங்கள் சண்டைக்குப் போவோம். இதையெல்லாம் யோசித்துத்தான் ஒரு டிக்கெட்டும் கொடுத்தான். எக்ஸ்பான்ஷன் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒன்று. அதைக் கிழித்தால் புதிதாக ஓர் ஆளை உண்டாக்கி, நேராக அறுபதாவது லெவலில் நிறுத்திவிடலாம். நாங்கள் ரெண்டு வருஷம் ஏறின மலையில் லிஃப்ட் வைத்துவிட்டான். அந்த டிக்கெட்டை நான் கையால் தொடமாட்டேன் என்றேன். அக்காவும் அப்படியே போட்டு வைத்திருந்தாள்.

புது நாட்டுக்குள் போக வாசலில் ஒரு சோதனை உண்டு. துணை கிடையாது, தனியாகத்தான் போகணும். சோதனைக்குள் போய்விட்டால் எல்லாருக்கும் ஒரே அளவு பலம்தான், யாரிடம் என்ன கேடயம் இருக்கிறது என்று பார்க்காது. எனக்கு வந்தது, ஒரு பாலத்தின் மேல் நின்று ஐந்து நிமிஷம் அடி வாங்குவது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றேன், முடிந்தது. அக்காவுக்கு வந்ததுதான் வினை. காயம்பட்ட ஐந்து சிப்பாய்கள். மூன்று அலையாக எதிரிகள் வருவார்கள், ஏழு நிமிஷம். ஐந்து பேரையும் உயிரோடு வைத்திருக்கணும், ஒருத்தன் செத்தாலும் முதலிலிருந்து. அதிலும் நாலாவது சிப்பாய் என்று ஒருத்தன் இருந்தான், எந்த வீட்டுப் பிள்ளையோ, எதிரியைத் தேடிப்போய் அடி வாங்குவான். டேங்குக்குப் பாலம், ஹீலருக்கு யுத்தகளம். இதைத் தராசில் போட்டுப் பார்த்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்துவேன்.

அக்கா தினமும் மூன்று மணிக்கு உட்காருவாள், தோற்பாள். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே புது நாட்டில் தனியாக அலைவேன். ஹீலர் இல்லாத டேங்க், மூன்றாவது அரக்கனிடம் செத்துவிடுவேன். எங்கள் பேச்சும் சுருங்கிப்போனது. “செத்துட்டியா?” “செத்துட்டேன். நீ?” “எனக்கு நாலாவது ஆளு செத்துட்டான்.”

“பையில இருபது மருந்துக் குப்பி வெச்சிருக்கியே, சக்தி தீர்ந்தா குடிக்கக்கூடாதா?” என்று கேட்டேன்.

“அதைக் குடிச்சா எவ வேணா முடிப்பா” என்றாள்.

அவளுடைய வழியே வேற. ஹீலருக்கு ரெண்டு மந்திரம். சின்னது கொஞ்சம் கொஞ்சமாக உயிரை ஏற்றும், சக்தியை அதிகம் தின்னாது. பெரியது ஒரே போடாக நிரப்பிவிடும், ஆனால் நாலு தடவை போட்டால் சக்தி துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். அக்கா சின்னதையே போடுவாள்.

ரெண்டு வாரம் ஆனது. ஹீலர்கள் எல்லாம் கூடி ஊரைக் கூட்டியிருப்பார்கள் போல, கம்பெனியே இறங்கி வந்தது. வருகிற புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு சர்வரை நிறுத்தி, ஹீலர் சோதனையை இளக்கப் போகிறோம் என்று அறிவிப்பு. நான் துள்ளிக் குதித்தேன். “ஒரு வாரந்தான்க்கா, பொறுத்துக்கோ.”

“புதனுக்குள்ள நான் முடிக்கணும்” என்றாள். “இளக்கினப்புறம் தொட மாட்டேன். அதோட விட்டுடுவேன்.”

“விட்டுடுவேன்னா? விளையாட்டையா?”

“பின்ன?”

என் அக்கா சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் காபியை விட்டுவிட்டேன் என்றாள், இன்று வரைக்கும் ஒரு வாய் குடித்ததில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்றிலிருந்து நாலு வரைக்கும் நான் யாரோடு பேசுவேன்?

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தறியில் ஏறின புடவையை ஆரம்பித்த கைதான் முடிக்கணும். நடுவில் வேற ஆள் உட்கார்ந்து நாலு இழை அடித்தாலும் அடியின் கனம் மாறிவிடும், புடவையில் குறுக்கே ஒரு கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயசில் அம்மா அசந்த நேரம் பார்த்து நாங்கள் தறியில் ஏறி வாங்கின உதைக்கு அளவே இல்லை. ஆக, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது. மறுநாள் வியாழக்கிழமை அக்கா மாகறல் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், வைத்துக் கொடுத்ததே நான்தான். அவளாக உள்ளே போனேன். பெரிய மந்திரத்தை எடுத்து எவன் முனகினாலும் அவன் தலையில் போட்டேன். சக்தி தீர்ந்தால் ஒரு குப்பி. மறுபடியும் பெரியது, மறுபடியும் குப்பி. நாலாவது தடவையில் ஐந்து பேரும் பிழைத்துக்கொண்டார்கள். வாசல் திறந்தது.

மறுநாள் அக்கா உள்ளே வந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கதவு தொறந்து கெடக்குது?” என்றாள்.

நான் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். “முந்தாநாள் கடைசி ஆட்டத்துல உனக்குக் கரண்ட் போய் நெட் கட்டாச்சு இல்ல? அதுல நீ முடிச்சிருப்ப. கரண்ட் போனதால உனக்குக் காட்டல.”

“நானா?” என்றாள். அப்புறம் ஹெட்போனில் காது கிழிகிற மாதிரி ஒரு கூச்சல். மாமாவைக் கூப்பிட்டாள். மில் ஆட்களுக்கு அன்றைக்கு மூன்றரை மணிக்கே டீ, கூடவே ஒரு அண்டா கேசரி. எதுக்கு என்று யாருக்கும் புரியவில்லையாம், முதலாளியம்மா ஏதோ பரீட்சையில் பாஸாகிவிட்டாள் என்று மட்டும் புரிந்ததாம். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. ஆனாலும் சனியும் ஞாயிறும் நாங்கள் புது நாட்டில் அடித்த கொட்டம் இருக்கிறதே! குறுகுறுப்பை அதற்குள் அமுக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு சண்டை நடுவில் சக்தி தீர்ந்து, அக்கா பையில் கை விட்டாள். குப்பி ஒன்றுகூட இல்லை.

“எங்கடி போச்சு என் குப்பி?”

நான் இருமினேன். சோதனை முடிந்ததும் விளையாட்டு ஒரு அறிக்கை எழுதி வைக்கும், எந்த மந்திரம் எத்தனை தடவை, எந்த நேரத்தில் என்று. அதைத் திறந்திருக்கிறாள்.

“பெரிசு இருபத்தாறு தடவ போட்டிருக்கேனாம்” என்றாள். “நான் போடுவனா?”

“அக்கா...”

“உன் அடிடி இது. மொத்து மொத்துன்னு. எனக்குத் தெரியாதா?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கணும், எனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே. எகிறினேன். “உனக்காகத்தான பண்ணேன்! ஒரு விளையாட்டுக்கு இவ்ளோ பேச்சா? நீ விட்டுடுவேன்னா நான் இன்னா பண்றது?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, சரிக்குச் சரியாகப் போயிருக்கும்.

“ஸ்கூல்ல ரெக்கார்டு நோட்டுல தவளப் படம் நீ வரஞ்ச. கோலப்போட்டில கடைசி ரெண்டு வரிசை அம்மா வந்து போட்டாங்க. ஸ்கூட்டி கத்துக்க சொல்ல உங்க மாமா பின்னால சீட்டைப் பிடிச்சுக்கினே ஓடியாந்தாரு, விடவே இல்ல, இன்னிவரிக்கும் எனக்கு வண்டி வராது. எல்லாரும் நல்லவங்கதான். யாரும் கூட வர முடியாத எடம்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதுக்குள்ளயும் பூந்துட்டியேடி.”

வைத்துவிட்டாள். அழுகை வந்தது எனக்கு, சொல்வதற்கு என்ன வெட்கம். விளையாட்டில் ஒரு ஆள் அந்தச் சோதனையை ஒரு தடவைதான் ஜெயிக்கலாம். முடித்துவிட்டால் முடித்ததுதான், திரும்பவும் உள்ளே விடாது. அவள் ஹீலரின் கதவை நான் திறந்தே தொலைத்துவிட்டேன். மூடவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை போனை எடுக்கவில்லை. மாமாதான் எடுத்தார். “ஏதோ டிக்கெட்டாம்மா, கிழிச்சிட்டா. புதுசா ஒரு ஆளை உண்டாக்கிக்கினு காலையிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்குறா. சோறு திங்கக்கூட வரல” என்றார். எனக்கு உடனே புரிந்தது. நாங்கள் கையால் தொடமாட்டோம் என்று சொன்ன அந்த லிஃப்டில் ஏறி, புது ஹீலராக அறுபதில் இறங்கி, அதே சோதனை வாசலில் போய் நிற்கிறாள். இளக்குவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

புதன்கிழமை வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கையில் ஒரு தூக்கு நிறைய மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்ட இட்லி, அவளுக்குப் பிடிக்கும். மில் ஆபீஸுக்குள் நுழைந்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

“வந்தியா. உக்காரு. கையை மடில வெச்சுக்கோ” என்றாள். அடுத்த நிமிஷம் ஒரு முறம் நிறைய மொச்சைக்காயை என் மடியில் தள்ளினாள். “உரி. சும்மா இருந்தா உன் கை கீபோர்டுக்கு வரும்.”

உரித்தேன். அவள் விளையாடுவதை அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைக் காப்பாற்றினவள், நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அலறுகிறவனை அவள் விட்டுவிடுகிறாள். சத்தம் போடாமல் நிற்கிறவன் பக்கம் முதலில் போகிறாள், சின்ன மந்திரம் ஒன்று, அடுத்தவனுக்கு ஒன்று, மூச்சு விட ஒரு நொடி, திரும்பவும் ஒன்று. உதடு ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தது. அப்படியும் தோற்றாள். மறுபடி தோற்றாள். மூன்று நாற்பத்தி மூன்றுக்கு இன்னொரு ஆட்டம் ஆரம்பித்தாள்.

அந்த ஆட்டம் மூன்றாவது அலை வரைக்கும் போனது. இன்னும் அரை நிமிஷம்தான். ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாலாவது ஆளுக்கு உயிர் நூலளவு இருந்தது. அக்கா அவனை விட்டுவிட்டு ரெண்டாவது ஆள் பக்கம் போனாள். என்னால் தாங்க முடியவில்லை.

“பெரிசு! பெரிசைப் போடுக்கா!” என்று அலறிவிட்டேன்.

அவள் கை போய்விட்டது. யோசித்துப் போகவில்லை, யாராவது சொன்னால் கேட்டுக் கேட்டுப் பழகின கை. பெரிய மந்திரம் நாலாவது ஆள் மேல் விழுந்தது, சக்தி காலியானது, ரெண்டாவது ஆள் சத்தமே இல்லாமல் சாய்ந்தான். திரையில் சிவப்பு எழுத்து.

அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று ஐம்பது. இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்கு நேரம் இருந்தது.

“வெளிய போடி” என்றாள்.

முறத்தோடு எழுந்து வெளியே வந்தேன். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு அம்மா காலால் கிளறிக்கொண்டு போனார். மில் மோட்டாரை வேற போட்டுத் தொலைத்தார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சத்தமும் காதில் விழவில்லை. என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாமா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

“இன்னாமா வெளிய நிக்கிற?”

“அக்கா தொரத்திட்டா மாமா.”

“என்னைக் காலையிலயே தொரத்திட்டா” என்று சொல்லி அவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மூன்று ஐம்பத்தைந்து. மூன்று ஐம்பத்தெட்டு. மாமா ஜன்னல் பக்கம் ரெண்டு எட்டு வைத்தார். “வேணாம் மாமா” என்றேன். எனக்கே ஆச்சரியம், நான்தான் சொன்னேன். அவர் திரும்பி வந்துவிட்டார். நாலு மணி ஆனது. நாலு ஒன்று. சர்வர் நின்றிருக்கும். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

அக்கா வாசற்படியில் நின்றாள். தலை கலைந்து, கண் சிவந்து, எவளோ மாதிரி இருந்தாள்.

“முடிச்சிட்டேன்” என்றாள்.

“நெஜமாவாக்கா? எப்படி? அந்த நாலாவது ஆளை இன்னா பண்ண? அறிக்கையைக் காட்டு...”

“சர்வர் போயிடுச்சு. இனிமே பழைய அறிக்கை எல்லாம் அழிஞ்சிடுமாம்.” எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒருத்தரும் பாக்கல இல்ல?”

“பாக்கலக்கா.”

“நானும் பாக்கலமா” என்றார் மாமா.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து, களத்து ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதாள். எனக்கு ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்துவிடணும் என்று கை பரபரத்தது. முறத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவளே துடைத்துக்கொண்டாள்.